ஒழுகாத புல்லட்டும் உண்டு

"புல்லட்டுன்னா ஆயில் ஒழுகத்தான் செய்யும். ஒழுகலைன்னா உள்ள ஆயில் இல்லைன்னு அர்த்தம்." பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் காதில் விழுந்து பழகிய பேச்சு இது. டீக்கடையில் சொல்வார்கள், பெட்ரோல் பங்கில் சொல்வார்கள், வண்டியை விற்கிறவரே சொல்லித்தான் விற்பார். எனக்கு இந்தப் பேச்சின்மேல் வெகுநாளாகக் கோபம் உண்டு. நாம் பார்க்காமல் விட்டதற்கு வண்டியின்மேல் பழி போடும் பேச்சு அது.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் என் வீட்டு வாசலில் நிற்பது தொண்ணூறுகளின் மாடல், வார்ப்பிரும்பு இன்ஜின் வைத்த 350. பர்கூரில் சித்தப்பாவிடமிருந்து என் கைக்கு வந்தபோது அங்கங்கே ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. இன்று அதன் அடியில் ராத்திரி பழைய அட்டையை விரித்து வைத்தால் காலையில் அட்டையில் ஒரு புள்ளிகூட இருக்காது. இதற்காக இன்ஜினை இறக்கவில்லை, ஹெட்டைக் கழற்றவில்லை. ஸ்பேனர் செட், மண்ணெண்ணெய், கொஞ்சம் பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்துவிடக்கூடிய வேலை.

நாலு சொட்டுத்தானே என்று விடுபவர்களுக்கு ஒரு விஷயம். இந்த வண்டியில் கிளட்ச், இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயின், பின்சக்கரச் செயின் எல்லாம் இடப்பக்கம் இருக்கின்றன. ஓடும்போது அந்தப் பக்கம் கசியும் ஆயில் நேராகத் தரையில் விழாது. காற்று பின்னால் தள்ளிக்கொண்டுபோய் டயரின் ஓரத்தில் அப்பும். நேர் ரோட்டில் டயரின் நடுப்பகுதி மட்டும்தான் தரையைத் தொடும் என்பதால் ஒரு வித்தியாசமும் தெரியாது. வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவில் வண்டியைச் சாய்க்கும்போதுதான் அந்த ஓரம் தரைக்கு வரும். பின்னால் வீட்டுக்காரியையும் குழந்தையையும் உட்காரவைத்துக்கொண்டு அந்த இடத்தில் வழுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இன்ஜின் ஆயிலே மொத்தம் இரண்டு லிட்டரைச் சுற்றித்தான் கொள்ளும். சொட்டுச் சொட்டாகக் குறைந்துகொண்டே வந்தால் ஒரு கோடைப் பயணத்தில் கிராங்கில் இருக்கும் பிக் எண்ட் பேரிங் காலி.

ஒழுகுவது ஏன் என்று புரிய இந்த இன்ஜினைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையில் 1955-ல் தொடங்கிய தயாரிப்பு, முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கோத்துத்தான் நடந்தது. போகப்போகப் பாகங்கள் எல்லாம் இங்கேயே தயாராகின. ஆனால் இன்ஜினின் வரைபடம் 1940-களின் கடைசியில் போட்டது. சிலிண்டரின் உள்விட்டம் (போர்) 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 90 மில்லிமீட்டர், 346 சிசி. இடது பாதி, வலது பாதி என்று நெடுக்காகப் பிளந்து சேர்த்த கிராங்க் கேஸ், அதாவது கிராங்க் சுழலும் அடிக்கூடு. கியர்பாக்ஸ் தனி. இப்போதைய வண்டிகளில் ரப்பர் ஓ-ரிங் இருக்கும் பல இடங்களில், இதில் இரண்டு உலோக முகங்களும் நடுவில் ஒரு காகிதப் பேக்கிங்கும் மட்டும்தான். முகங்கள் சமமாக இருந்து, உள்ளே அழுத்தம் ஏறாமல் இருந்தால் அந்தக் காகிதமே போதும். அதை நம்பித்தான் போட்டிருக்கிறார்கள். முப்பது வருஷம் பல கைகள் பட்ட பிறகு முகங்கள் சமமாக இருப்பதில்லை, அழுத்தமும் வெளியேற வழியில்லாமல் போகிறது. ஒழுகல் என்பது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று.

முதலில் ஒழுகுவது எந்த ஆயில் என்று பார்க்க வேண்டும். இந்த வண்டியில் மூன்று அறைகள், மூன்றிலும் தனித்தனி ஆயில். இன்ஜின் ஆயில் 20டபிள்யூ-50, ஓடியபின் கறுத்து நீர்த்திருக்கும். கியர்பாக்ஸில் இருப்பது கெட்டி, விரலில் தொட்டு முகர்ந்தால் கந்தக நெடி அடிக்கும். இடப்பக்கப் பிரைமரி கேஸில் இருப்பது இன்ஜின் ஆயிலாகவே இருந்தாலும் கிளட்ச் தூள் கலந்து கருகிய வாசனை வரும். எது என்று தெரியாமல் டப்பாவைக் கவிழ்த்து டாப்-அப் செய்துகொண்டே போனால், ஒரு அறை காய்ந்துகிடக்க இன்னொரு அறை நிரம்பி வழியும்.

அடுத்து கழுவுவது. நம் பக்கத்துச் செம்மண் புழுதி ஆயில்மேல் படிந்து படிந்து இன்ஜினைச் சுற்றி ஒரு ஓடாகவே ஆகிவிடுகிறது. திருப்புளியால் நெம்பினால் துண்டு துண்டாகப் பெயர்ந்து வரும். அந்த ஓடு இருக்கும்வரை எங்கே கசிகிறது என்று ஆண்டவனாலும் சொல்ல முடியாது. கார்புரேட்டர் வாயையும் இக்னிஷன் பாயிண்ட் இருக்கும் இடத்தையும் பிளாஸ்டிக் பையால் இறுகக் கட்டிவிட்டு, பழைய பெயிண்ட் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்துத் தேய்க்க வேண்டும். ஃபின்களுக்கு நடுவே பல் துலக்கும் பிரஷ். சோப்புத் தண்ணீர் ஊற்றி, துணியால் ஒற்றி, வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். எங்கள் ஊர் வெயிலுக்கு அதெல்லாம் ஒரு வேலையே இல்லை.

காய்ந்தபின் வீட்டில் இருக்கும் முகப்பவுடரை எடுத்து, சந்தேகப்படும் மூட்டுகளில் எல்லாம் லேசாக ஊதிவிடுங்கள். வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு பத்து கிலோமீட்டர் போய்வந்து, நிறுத்திய உடனே டார்ச் அடித்துப் பாருங்கள். கசியும் இடத்தில் வெள்ளைப் பவுடரில் பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருக்கும். ஆயில் கீழே இறங்கும், காற்றில் பின்னால் போகும். ஆகவே ஈரத்திலேயே மிக மேலேயும் மிக முன்னாலேயும் இருக்கும் புள்ளி எதுவோ அதுதான் ஊற்று. என் வண்டியில் ஸ்டாண்டு பக்கம் சொட்டியதைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு கியர்பாக்ஸ் என்றார்கள். பவுடர் காட்டியது சிலிண்டருக்குக் கீழே வலப்பக்கம் இருக்கும் டாப்பெட் கதவை, அதாவது வால்வு இடைவெளியைச் சரிபார்க்கத் திறக்கும் சின்ன மூடியை. அங்கிருந்து கிராங்க் கேஸ் ஓரமாகவே வழிந்துபோய்ப் பின்னால் சொட்டியிருக்கிறது.

கதவைத் தொடுவதற்கு முன் பிரீதரை, அதாவது இன்ஜின் மூச்சுவிடும் பைப்பைப் பார்த்துவிட வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கீழே கிராங்க் கேஸில் இருக்கும் காற்றை 346 சிசி அளவுக்கு நெருக்குகிறது. 3000 ஆர்பிஎம்மில் ஓடினால் ஒரு நொடிக்கு 50 முறை. அந்தக் காற்று வெளியே போகத்தான் கிராங்க் கேஸிலிருந்து ஒரு பைப் வருகிறது. அதன் முனையில் வாத்து அலகு வடிவத்தில் ஒரு சின்ன ரப்பர் வால்வு. காற்று வெளியே வரும்போது அலகு திறக்கும், பிஸ்டன் மேலே ஏறும்போது மூடிக்கொள்ளும். இப்படி உள்ளே லேசான வெற்றிடம் நிலைத்திருப்பதால் ஆயில் மூட்டுகளின் பக்கம் தள்ளப்படாமல் உள்ளேயே இருக்கிறது. அந்த ரப்பர் வெயிலில் காய்ந்து விறைத்துவிட்டாலோ, பைப் எங்காவது மடங்கி நசுங்கிவிட்டாலோ, காற்று கிடைத்த சந்தில் எல்லாம் ஆயிலையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வெளியேறும். அந்த நிலையில் மூட்டு அடைக்க ஊரில் உள்ள பேஸ்ட்டை எல்லாம் பூசினாலும் நிற்காது. ஒரு மூட்டை அடைத்தால் அடுத்த மூட்டில் கிளம்பும்.

சோதிப்பது எளிது. ஐட்லிங்கில் விட்டு, பைப் முனையில் விரலை வைத்துப் பாருங்கள். புஸ் புஸ் என்று வெளியே மட்டும் அடிக்க வேண்டும், விரலை உள்ளே இழுக்கக் கூடாது. என் வண்டியில் அலகின் இரண்டு உதடுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிக் கிடந்தன. நகத்தால் கீறினால் தூளாக உதிர்ந்தது. ஒரு வேளை டிபனுக்கு ஆகும் காசில் வரும் ரப்பர் அது. அதை மாற்றிய அன்றே பாதி ஒழுகல் குறைந்துவிட்டது. புது ரப்பர் போட்டும் புகையோடு பலமாக அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து, மேலே எரியும் காற்று கீழே இறங்குகிறது என்று பொருள். அது வீட்டு வேலை இல்லை.

இனி டாப்பெட் கதவு. அதைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு நட். இதில்தான் முன்பு வண்டியைப் பார்த்த ஒரு பட்டறையில் செய்த வேலை தெரிந்தது. கசியக் கசிய இறுக்கியிருக்கிறார்கள். ஒற்றை நட்டை அளவுக்குமேல் இறுக்கினால் தகட்டின் நடு உள்ளே வளைந்து ஓரம் தூக்கிக்கொள்ளும். ஓரத்தில்தானே பேக்கிங் இருக்கிறது? இறுக்க இறுக்க ஒழுகல் கூடியிருக்கும். அதற்குமேல் ஒரு விரல் கனத்துக்குச் சாம்பல் நிற பேஸ்ட். ரவுண்டானா பக்கம் பட்டறை வைத்திருந்து இப்போது பையனிடம் விட்டுவிட்ட ஒரு பெரியவரிடம் அந்தக் கதவைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கிக் கண்ணுக்கு நேரே வைத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இறுக்கறதுல ஒண்ணும் இல்லீங்க தம்பி, உக்கார வைக்கறதுலதான் எல்லாம் இருக்குது" என்றார். லேத்தில் கொடுத்து முகம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். "எதுக்குங்க? நம்ம ஊர்ல கல்லுக்கா பஞ்சம்?" என்றார்.

கிருஷ்ணகிரி, பர்கூர் சுற்றுவட்டாரத்தில் கிரானைட் பாலீஷ் பட்டறைகள் ஏராளம். வாசலில் வெட்டுத் துண்டுகள் குவிந்து கிடக்கும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். தொழிற்சாலைகளின் அளவீட்டுக் கூடங்களில் சமதளம் பார்க்க வைத்திருப்பதும் கிரானைட் பலகைதான். நம் துண்டு அந்த அளவுக்குத் துல்லியமாக இருக்காது என்றாலும் உள்ளங்கையளவுக் கதவுக்குத் தாராளம். துண்டைத் தண்ணீர் விட்டுத் துடைத்து, அதன்மேல் 400-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) பரப்பி, ஓரங்களை டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும். கதவின் முகம் முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிடுங்கள். பேப்பரை நனைத்து, கதவை அதில் வைத்து, விரல் நுனிகளால் சமமாக அழுத்தி எட்டுப் போடுவதுபோல் தேய்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் எடுத்துப் பார்த்தால் மேடான இடங்களில் பென்சில் அழிந்து வெளுத்திருக்கும், பள்ளத்தில் கிறுக்கல் அப்படியே இருக்கும். என் கதவில் நான்கு மூலையில் கறுப்பு அப்படியே இருக்க, நடுவைச் சுற்றி மட்டும் பளபளத்தது. வளைவு எங்கே என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மரக்கட்டைமேல் கவிழ்த்து மரச்சுத்தியால் நடுவை மெதுவாகத் தட்டி நிமிர்த்தி, மறுபடி கிறுக்கி, மறுபடி தேய்க்க வேண்டும். கிறுக்கல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மறையும்வரை இதையே செய்யவேண்டும். எனக்கு ஒரு மத்தியானம் போனது. சலிக்கவே இல்லை. கடைசியில் ஈர விரலால் தடவும்போது அந்த முகம் வழுவழுவென்று ஓடுவதில் இருக்கும் திருப்தி, ரெடிமேடாக வாங்கி மாட்டுவதில் கிடைக்காது.

பேக்கிங்கையும் வீட்டிலேயே வெட்டலாம். ஆட்டோமொபைல் கடையில் பேக்கிங் ஷீட் கிடைக்கும். ஷீட்டைக் கதவின் முகத்தின்மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் ஓரத்தின்மேல் டொக் டொக்கென்று மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். உலோக விளிம்பே காகிதத்தை வெட்டிவிடும், கத்திரி தேவையில்லை. ஓரம் தேய்ந்து மழுங்கியிருந்தால் மட்டும் பிளேடால் சீவிக்கொள்ளலாம். வெட்டியதைக் கதவுப் பக்கம் துளி ஆயில் அல்லது கிரீஸ் தடவி ஒட்டவையுங்கள். அடுத்த முறை டாப்பெட் பார்க்கத் திறக்கும்போது கிழியாமல் வரும். கதவு திறந்திருக்கும்போதே, இன்ஜின் குளிர்ந்த நிலையில், வால்வுகளை இயக்கும் புஷ் ராடுகள் மேலும் கீழும் ஆடாமல், ஆனால் விரலால் உருட்டினால் சுழலும்படி இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

பேஸ்ட் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. காகிதப் பேக்கிங் போடும் இடத்தில் பேஸ்ட் வேண்டாம். போட்டே ஆகவேண்டிய மூட்டில் விரலால் தேய்த்த மெல்லிய படலம் போதும். அதிகமாகப் போட்டால் இறுக்கும்போது வெளியே பிதுங்குகிற அளவு உள்ளேயும் பிதுங்கும். வெளியே பிதுங்கியது அசிங்கம், அவ்வளவுதான். உள்ளே பிதுங்கியது நாளாவட்டத்தில் அறுந்து ஆயிலோடு சுற்றி, ஏதாவது ஒரு துளையில்போய் அடைக்கும். வலப்பக்க டைமிங் கவரில் இது பெரிய ஆபத்து. கிராங்குக்கு ஆயில் போகும் வழி அந்தக் கவருக்குள்தான் இருக்கிறது. அதைக் கழற்றினால் அதற்குள் இருக்கும் கார்க் சீலையும் புதிதாகப் போட வேண்டும். பழைய கார்க் சுருங்கியிருந்தால் ஆயில் கிராங்குக்குப் போகாமல் பக்கவாட்டில் நழுவிவிடும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது, உள்ளே பேரிங் காய்ந்துகொண்டிருக்கும். வெளியே கசிவதை நிறுத்தப்போய் இன்ஜினையே இழந்தவர்கள் உண்டு. ஆகவே அந்தக் கவரில் ஸ்க்ரூக்களைச் சுற்றி லேசான ஈரம் மட்டும் என்றால், ஸ்க்ரூக்களைக் குறுக்கு மறுக்காகச் சமமாக முடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேலே வால்வை அமுக்கும் ராக்கருக்கு ஆயில் கொண்டுபோகும் வெளிப் பைப்பின் மூட்டுகளில் செம்பு வாஷர்கள் இருக்கும். ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிவிடும், மறுபடி மெத்தென்று உட்காராது. அதை அடுப்பில் வைத்துப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் புதுசுபோல் இளகிவிடும். இரும்பைத் தண்ணீரில் தோய்த்தால் முறுகும், செம்பு அப்படி இல்லை. வீட்டில் கேட்டுவிட்டு கேஸ் அடுப்பில் இடுக்கியால் பிடித்துக் காய்ச்சினேன். ஒரு கறுப்புத் தோல் படியும், அதை வாட்டர் பேப்பரில் இரண்டு பக்கமும் தேய்த்து எடுத்துவிட்டு மாட்ட வேண்டும். இந்தப் போல்ட்டுகளில் பலவும் பழைய பிரிட்டிஷ் மரை. கையில் கிடைத்த மெட்ரிக் போல்ட்டை வைத்து முடுக்கினால் மரை போய்விடும், பிறகு ஆயில் அந்த மரை வழியாகவே வரும்.

இடப்பக்கப் பிரைமரி கவருக்கும் நடுவில் ஒரே நட்தான், ஓரத்தைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். டாப்பெட் கதவுக்குச் சொன்ன கதை அப்படியே இதற்கும். இறுக்கி இறுக்கி நடு குழிந்த கவர்களைத்தான் ஊர் முழுக்கப் பார்க்கிறோம். ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் கழற்றினால் கவர் கைக்கு வந்துவிடும். அடியில் ஒரு அகலமான பாத்திரம் வைத்துவிட்டுத் திறங்கள். வளையம் விறைத்திருந்தால் புதிது போட்டு, பள்ளத்தில் அழுக்கில்லாமல் துடைத்து, நட் உட்கார்ந்ததும் கொஞ்சமே கொஞ்சம் திருப்பி நிறுத்துங்கள். உள்ளே ஊற்றும்போது லெவல் ஸ்க்ரூவைத் திறந்து வைத்து, அதில் எட்டிப் பார்க்கும்வரை மட்டும் ஊற்ற வேண்டும். தாராளமாக ஊற்றினால் அது கிளட்சுக்கு நல்லதில்லை, ஒழுகவும் செய்யும்.

ஒழுகலே இல்லாத ஒன்றை ஒழுகலென்று நினைத்துப் பயப்படுவதும் நடக்கும். இந்த இன்ஜினில் ஆயில் தொட்டி கிராங்க் கேஸ் வார்ப்பிலேயே இருக்கிறது. மாம்பழ சீசனில் வேலை நெருக்கித் தள்ளும், வாரக்கணக்கில் வண்டியை எடுக்க மாட்டேன். அப்போது தொட்டி ஆயில் பம்ப்பைக் கடந்து மெல்லக் கிராங்க் பக்கம் இறங்கிவிடும். உதைத்து ஸ்டார்ட் செய்ததும் பிரீதர் வழியாக ஆயில் கக்கும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். பயந்துபோய்ப் பேக்கிங் மாற்ற வேண்டாம். கொஞ்சம் ஓடியதும் ரிட்டர்ன் பம்ப் அதை எடுத்துத் தொட்டியில் சேர்த்துவிடும். அதனால்தான் டிப்ஸ்டிக்கை எப்போதும் வண்டி ஓடி நிறுத்திய பிறகு பார்க்கச் சொல்வது. நின்ற வண்டியில் பார்த்துவிட்டுக் குறைகிறது என்று ஊற்றினால், அந்த அதிகப்படி ஆயிலும் பிரீதர் வழியாகத்தான் வெளியே வரும். அதேபோல், தொப்பூர் இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி கியரில் இறங்கிவிட்டு, கீழே முறுக்கும்போது மட்டும் நீலப் புகை வந்தால் அது வால்வு கைடு, அதாவது வால்வுத் தண்டு ஓடும் குழல், தேய்ந்ததால். அந்த ஆயில் எரிகிறது, ஒழுகவில்லை.

எல்லாம் மாட்டியபின் மறுபடி பவுடர் போட்டுக்கொண்டு காவேரிப்பட்டணம் வழியாகப் பாலக்கோடு வரை போய்வந்தேன். வழியில் கே.ஆர்.பி. அணைப் பக்கம் நிறுத்திப் பார்த்தேன், வீடு வந்தும் பார்த்தேன். பவுடர் போட்ட இடமெல்லாம் வெள்ளையாகவே இருந்தது. கொஞ்ச நாள் கழித்து, இன்ஜின் ஆறியிருக்கும்போது நட்டுகளை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். புதுக் காகிதம் சூட்டில் கொஞ்சம் படியும், அந்த அளவுக்கு மட்டும் முடுக்கினால் போதும்.

வடித்தெடுத்த கழிவு ஆயிலை என்ன செய்வது என்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான். கரையானுக்கு மரத்தூணில் அடிக்கவும், மாட்டுக்கொட்டாய்க் கட்டைகளில் பூசவும் கேட்டு வருவார்கள். நான் கொடுப்பதில்லை. தேய்ந்த உலோகமும் எரிந்த கசடும் கலந்தது அது, மழையில் அடித்துக்கொண்டுபோய் மண்ணில்தான் இறங்கும். கிணற்றையும் போரையும் நம்பித் தோட்டம் வைத்திருக்கும் மாவட்டம் இது. பழைய ஆயில் கேனிலேயே மூடி, டிரம் வைத்துச் சேர்க்கும் மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள். அங்கிருந்து அது மறுசுத்திகரிப்புக்குப் போகும்.

வீட்டில் கை வைக்கக்கூடாத இடங்கள் இரண்டு. சிலிண்டருக்கும் கிராங்க் கேஸுக்கும் நடுவே உள்ள பேஸ் பேக்கிங் ஒன்று, கிராங்க் கேஸின் இரண்டு பாதிகள் சேரும் கோடு இன்னொன்று. பவுடரில் பழுப்புக் கோடு அங்கே தொடங்கினால் முதலாவதற்கு ஹெட்டும் சிலிண்டரும் கழற்ற வேண்டும், இரண்டாவதற்கு இன்ஜினையே இறக்க வேண்டும். விஷயம் தெரிந்த ஆளிடம் போங்கள். போகும்போது "ஆயில் ஒழுகுதுண்ணா" என்று மட்டும் சொல்லாமல், கழுவிப் பவுடர் போட்டுப் பார்த்ததையும், பிரீதர் ரப்பர் மாற்றியதையும், கோடு எங்கே தொடங்குகிறது என்பதையும் சொல்லி, முடிந்தால் போனில் எடுத்த படத்தையும் காட்டுங்கள். பேஸ்ட் டியூபை எடுக்க நீளும் கை, ஸ்பேனரை எடுக்கும்.